அணையின் எண்ணும் ஆளின் எண்ணும்

என் தந்தை நன்னிலம் வட்டத்தில் நான்கு ஏக்கரில் நெல் சாகுபடி செய்தவர். காலையில் செய்தித்தாள் வந்ததும் அவர் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். பார்த்த கையோடு, உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுக்கும் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு நேரே நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று மூன்று எண்களை எழுதிவைப்பார். 2008 தொடங்கி 2024 வரை இப்படிப் பதினேழு நாட்குறிப்புகள் வீட்டுப் பரணில் சேர்ந்திருந்தன. தரவுகளைப் படமாக்கிக் காட்டுவதே என் தொழிலாகிப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த தரவைப் படமாக வரையலாம் என்ற எண்ணம் சென்ற ஆண்டு விடுமுறையில்தான் எனக்கு வந்தது.

முதலில் வரைந்தது சாதாரணமான கோட்டு வரைபடம். கிடையச்சில் தேதி, செங்குத்தச்சில் அடி, அணையின் முழு உயரமான 120 அடியில் ஒரு புள்ளிக்கோடு. தந்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிக்கணினியின் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கோடு சரிதான். தண்ணி எவ்வளவுன்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. மேட்டூர் நீர்த்தேக்கம் ஒரு பள்ளத்தாக்கு. அடியில் குறுகியும் மேலே செல்லச் செல்ல அகன்றும் கிடப்பது. 120 அடியில் அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). 100 அடிக்கு இறங்கும்போது இருப்பு 65 டிஎம்சியை ஒட்டி வந்துவிடுகிறது. 60 அடியில், அதாவது பாதி உயரத்தில், மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. 120-லிருந்து 110-க்கு இறங்கும் பத்தடியும் 50-லிருந்து 40-க்கு இறங்கும் பத்தடியும் என் படத்தில் ஒரே நீளத்தில் தெரிந்தன. நீரின் அளவிலோ முன்னது பின்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். படத்தில் இருந்த எண் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. அப்படியிருந்தும், கோடு பாதியில் நிற்பதைப் பார்ப்பவர் அணை பாதி நிறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். செங்குத்தச்சை அடியிலிருந்து டிஎம்சிக்கு மாற்றி மறுநாள் மீண்டும் வரைந்தேன். நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து கொடுத்து ஊதியம் பெறுகிறவன் நான். அந்தக் கேள்வியை எனக்கு முன்பாகவே கேட்டவர் வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்.

இரண்டாவது படத்தை அவரே கேட்டு வாங்கினார். குறுவைக்காக அணையைத் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. ஆண்டுக்கு ஒரு புள்ளியாக, உண்மையில் திறக்கப்பட்ட தேதிகளைக் குறித்தேன். 2011-ல் ஜூன் 6-லேயே திறந்தாயிற்று. 2016-ன் புள்ளி செப்டம்பர் 20-க்குத் தள்ளிப்போகிறது. 2017-ல் அக்டோபர் 2. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜூலை 19, ஆகஸ்ட் 13. 2020-ல்தான் ஜூன் 12 என்ற கோட்டில் புள்ளி மறுபடி வந்து உட்காருகிறது. 2022-ல் மே 24 என்று முன்னே தாவி, 2024-ல் ஜூலை 28-க்கு மீண்டும் பின்வாங்குகிறது. பதினேழே புள்ளிகள் கொண்ட அந்தச் சிறு படத்தில் தந்தை தம் ஆண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். 2017-ன் புள்ளியில் விரலை வைத்தபடி, அந்த ஆண்டு குறுவையே போடவில்லை என்றும், நகையை வைத்துச் சம்பாவுக்கு விதை வாங்கியதாகவும் சொன்னார். நகையைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு படங்களையும் வரைய எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. 1786-ல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டபோது, ஒவ்வொரு படத்தையும் செப்புத் தகட்டில் செதுக்கித்தான் அச்சிட வேண்டியிருந்தது. அந்த நூலில்தான் பட்டை வரைபடமும் தோன்றியது. அது தோன்றிய காரணம் என் மனத்தை விட்டு அகலாத ஒன்று. ஸ்காட்லாந்தின் வணிகத்தைப் பற்றி அவரிடம் ஓர் ஆண்டின் எண்கள் மட்டுமே இருந்தன. காலத்தோடு ஏறி இறங்கும் கோட்டை வரைய அது போதாது என்பதால், ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த வணிகத்தைத் தனித்தனிப் பட்டைகளாக அடுக்கினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் பட்டை வரைபடம் தரவுப் பற்றாக்குறையில் பிறந்தது.

பிளேஃபேருக்கு இருந்த இரண்டு தட்டுப்பாடுகளில் செதுக்கும் வேலை என்ற ஒன்று இன்று முற்றிலும் நீங்கிவிட்டது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான, தரவைப் படமாக வரைய உதவும் டி3 என்னும் நிரல் நூலகத்தை யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இலவச இணையக் கருவிகள் பல இருக்கின்றன. அதே காலத்தில், வரையும் கருவிகளைச் செய்த நிறுவனங்கள் மலைக்க வைக்கும் விலைக்குக் கைமாறின: 2003-ல் தொடங்கிய டேப்லோவை 2019-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் 1,570 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது, அதே ஆண்டில் லுக்கரை 260 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. கோடும் பட்டையும் வரைவதற்காக யாரும் இவ்வளவு பணம் கொடுப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் விற்பனை, ஊதியம், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் எந்த மென்பொருளின் வழியாகப் பார்க்கப்படுகின்றனவோ, அந்த மென்பொருளை வைத்திருப்பவரிடம்தான் அந்நிறுவனம் தொடர்ந்து வந்து நிற்கும். விலை கொடுக்கப்பட்டது அந்த வாசற்படிக்கு. மதிப்பு முழுவதும் படத்தைவிட்டு அதன் அடியில் இருக்கும் அட்டவணைக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

மேட்டூர்ப் படத்தில் எனக்கு அடுத்து இருந்த வேலை, தந்தை எழுதத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளை நிரப்புவது. இன்றைய நீர்மட்டத்தை எந்தக் கைப்பேசியிலும் நொடியில் பார்த்துவிடலாம். 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த ஓர் அணையின் கதையைத் தேதிவாரியாக, ஒரே அட்டவணையாகப் பெறுவதற்கு நான் இரண்டு வாரம் அலைந்தேன். கையில் சேர்ந்தவை துண்டு துண்டான பிடிஎஃப் கோப்புகள். சிலவற்றில் அட்டவணையே ஒளிப்படமாக இருந்தது. எழுத்துணரி மென்பொருள் 83-ஐ 88 என்று படித்தது. ஒரு மாதத்தில் அடியில் இருந்த எண் அடுத்த மாதத்தில் மீட்டருக்கு மாறியிருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு பிற்பகலில் அறிமுகமில்லாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என் இருசக்கர வாகனத்தின் காப்பீடு இன்னும் பதினொரு நாட்களில் முடிகிறது என்று சொன்னார். வண்டியின் நிறுவனம், மாடல், வாங்கிய ஆண்டு எல்லாம் அவர் திரையில் இருந்தன. இவையெல்லாம் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன். "சிஸ்டத்துல காட்டுது சார்" என்றார். மாதச் சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்பவரை மேலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களும் ஒரே வாரத்தில் நேர்ந்ததால்தான், பல ஆண்டுகளாகத் தெளிவில்லாமல் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று எனக்குப் பிடிபட்டது. ஆறு, மழை, நிலத்தடி நீர், சந்தை விலை, பேருந்து ஓடும் நேரம் ஆகியவற்றின் எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. வெளியே தெரிந்தால் யாருக்கும் தீங்கில்லை. தெரியாவிட்டால் பலருக்கும் இழப்பு. ஒருவர் எந்த வண்டி வைத்திருக்கிறார், எங்கே பயணம் செய்தார், என்ன மருந்து வாங்கினார் என்பவை அவரவருக்கு உரியவை. இணையத்தில் வளர்ந்துவரும் தரவு வணிகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பொதுவான எண்ணைப் பெற அலைய வேண்டியிருக்கிறது. தனிமனிதரின் எண் கேட்பாரற்றுக் கைமாறுகிறது. வாங்குவதற்கு ஆள் இருப்பது இரண்டாவதற்குத்தான் என்பதே காரணம். மேட்டூரின் பழைய நீர்மட்டத்தை விலைகொடுத்து வாங்க எந்த விளம்பரதாரரும் வரப்போவதில்லை.

படம் வரைகிறவர்களின் மரபிலேயே இதற்கு மாறான நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பெற்றார். அது முகவரியோடு கூடிய பட்டியல். அதைவிட அந்தரங்கமான தரவு வேறு இருக்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த ஓர் ஏழையர் இல்லத்தில் ஐந்து பேரே இறந்திருந்தார்கள். அந்த இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவின் மதுவடிப்பாலையில் வேலைசெய்த எழுபது பேரில் ஒருவரும் அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. அவர்களில் யாரும் இறக்கவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி பிராட் தெருக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. வரைபடத்தைப் பார்த்தவுடன் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஸ்னோவின் புகழ்பெற்ற வரைபடம் அச்சானது அதன் பிறகுதான். நோயும் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது. ஆனால், அந்தப் படத்தில் நான் மதிப்பது வேறொன்றை. ஒவ்வொரு மரணமும் வீட்டு வாசலில் ஒரு சிறு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். பெயர் இல்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் வரைந்தவரும் அந்தத் தரவை ஒரே நோக்கத்துக்காகக் கையாண்டார்கள்.

நம் காலத்தில் அதற்கு இணையாக நான் நினைப்பது, 2020-ல் கொரோனாக் காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உலகளாவிய டாஷ்போர்டு 2020 ஜனவரி 22 அன்றே வெளிவந்துவிட்டது. அது நாடுகளைக் காட்டியது. நமக்கோ மாவட்டம் தெரிய வேண்டியிருந்தது. மாநில அரசுகளின் மாலை நேர அறிக்கைகளையும் சமூக ஊடகப் பதிவுகளையும் பார்த்துப் பார்த்துத் தன்னார்வலர்கள் எண்களைப் பொதுவான விரிதாளில் பதிவுசெய்தார்கள். அதையே செய்தித்தாள்களும் ஆய்வாளர்களும் என்னைப் போன்றவர்களும் எடுத்துப் படங்களாக வரைந்தோம். தளத்தின் நிரலும் திறந்தே இருந்தது. தரவுக்கு விலை இல்லை. 2021 அக்டோபர் 31 வரை அந்தப் பணி நடந்தது.

தமிழ்நாட்டின் தினசரி அறிக்கையிலிருந்து நானும் அக்காலத்தில் மாவட்டப் படங்கள் வரைந்தேன். வரைந்தவர்களுக்கு மட்டுமே தெரியும் சில சிக்கல்கள் அதில் உண்டு. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவை தனி மாவட்டங்களாகி எண்ணிக்கை 32-லிருந்து 37-க்கு உயர்ந்திருந்தது. இணையத்தில் எனக்குக் கிடைத்த எல்லைக் கோப்புகளோ 32 மாவட்டங்களோடு நின்றிருந்தன. ராணிப்பேட்டையின் நோயாளிகளை வேலூரின் மேல் வரைந்தால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தவறான செய்தி போகும். வட்டங்களின் எல்லைகளைச் சேர்த்தும் பிரித்தும் புது மாவட்டங்களை நானே வெட்டியெடுக்க இரண்டு இரவுகள் ஆயின. அதற்குப் பிறகும், மாவட்டப் பட்டியலின் கீழே விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்று தனி வரிகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து இறங்கிய அந்த மனிதர்களுக்கு வரைபடத்தில் இடம் ஏது? அவர்களைப் படத்துக்கு வெளியே ஒரு தனிக் கட்டத்தில் வைத்தேன். விட்டுவிட்டால் மொத்தம் பொருந்தாது, சென்னையில் சேர்த்தால் சென்னை பொய்யாக வீங்கும்.

அந்த அறிக்கையில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், முன்பே இருந்த நோய்கள், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள், காரணம். பெயர் மட்டும் இல்லை. நான் வரைந்த கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் அந்தப் பத்திகள் இருந்தன என்பதால், அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட எனக்குக் கை தயங்கும். மடக்கை அளவுகோலில் வரைந்தால் நோய் பரவும் வேகம் தெளிவாகத் தெரியும். ஆனால் பத்து மரணத்திலிருந்து நூறுக்குப் போவதும் நூறிலிருந்து ஆயிரத்துக்குப் போவதும் ஒரே உயரமாகத் தோன்றும். வாசகர்களில் பெரும்பாலோர் அதை நேர் அளவாகவே படிப்பார்கள் என்பதால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, எது எதைக் காட்டுகிறது என்று எழுதினேன். ஓர் அரசு அறிக்கை பொதுமக்களிடம் எவ்வளவு சொல்ல முடியும், யாரையும் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்ல முடியும் என்பதற்கு அந்தப் பத்திகளை இன்றும் நல்ல சான்றாகச் சொல்வேன்.

பொதுத் தரவை விலைக்கு விற்றால் என்ன ஆகும், விலையின்றித் திறந்தால் என்ன ஆகும் என்று ஒரே பொருளில் இரண்டையும் செய்து பார்த்த அனுபவம் உலகுக்கு இருக்கிறது. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் 1980-களில் தனியார் நிறுவனத்தின் வழியே விற்கப்பட்டன. ஒரு படத்தின் விலை 4,000 டாலரையும் தாண்டியது. பிறகு அது 600 டாலர் அளவுக்குக் குறைந்தபோதும், நாளொன்றுக்குச் சுமார் 50 படங்களே விற்றன. 2008-ல் முழு ஆவணத்தையும் கட்டணமின்றித் திறக்க முடிவு செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் இறக்கப்பட்டன. காடு அழிவதையும் ஏரி சுருங்குவதையும் ஆறு தடம் மாறுவதையும் காட்டும் படங்களில் நாம் இன்று பார்ப்பவை பலவும் அந்த ஒரு முடிவின் பயன். உலக வங்கியும் 2010-ல் தன் வளர்ச்சிக் குறியீடுகளைக் கட்டணமின்றித் திறந்தது. சுவீடனின் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங், நகரும் குமிழிகளால் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் காட்டி உலகைக் கவர்ந்தவர், இதற்காக விடாமல் வாதாடியவர்களில் ஒருவர். அவருடைய குமிழிகளைப் புகழ்பவர்கள் பலர். அந்தக் குமிழிகளுக்கு எண் வேண்டும் என்று அவர் கதவு கதவாகத் தட்டியதைப் பேசுபவர்கள் குறைவு.

இந்தியாவில் 2012-லேயே தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. அரசின் திறந்த தரவுத் தளமும் அவ்வாண்டே தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பிற்காலத்தில் காற்று வேறு பக்கம் வீசியது. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை தரவுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, அதைப் பொதுச் சொத்தாகக் கருத வேண்டும் என்றது. அதே மூச்சில், அதன் ஒரு பகுதியைத் தனியாருக்கு விற்று வருவாய் ஈட்டலாம் என்றும் சொன்னது. 2019-ல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாகப் பகிர்வதற்கு ஒரு கொள்கையை வகுத்தது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஆய்வுக்காகக் கேட்கும் கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். தனியுரிமைச் சிக்கல்களும் தவறாகப் பயன்படுத்தப்படும் அபாயமும் உண்டு என்ற காரணத்தால் 2020 ஜூனில் அது கைவிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் ரயில் பயணச்சீட்டு விற்கும் ஐஆர்சிடிசி, பயணிகளின் தரவிலிருந்து வருவாய் ஈட்டும் வழிகளை ஆராய ஆலோசகரைத் தேடி ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த மாதத்திலேயே திரும்பப் பெற்றது. இரண்டும் கைவிடப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும், ஓர் ஆய்வு மாணவர் விபத்துகளைப் பற்றிப் படிப்பதற்கு 5 லட்சம் ரூபாய் என்று விலை குறிக்க ஓர் அரசுக்குத் தோன்றியதே என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

பெயரை நீக்கிவிட்டுத்தானே விற்கிறார்கள், அதில் என்ன தீங்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெயரை நீக்குவது போதாது என்பது வெகுகாலத்துக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. 1990-களில் லதன்யா ஸ்வீனி என்னும் ஆய்வாளர், மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வழங்கிய மருத்துவத் தரவையும் விலைக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலையும் பொருத்தி, அம்மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே அடையாளம் கண்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்: ஒரு சிற்றூரின் அஞ்சல் குறியீட்டில் 2019-ல் வாங்கிய இன்ன மாடல் கார் ஒன்றுதான் இருக்கும், அந்தக் கார் யாருடையது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

சில நேரங்களில் வரைபடமே காட்டிக்கொடுக்கும். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய, நடந்த, மிதிவண்டி ஓட்டிய தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் உலக வெப்ப வரைபடத்தை வெளியிட்டது. 100 கோடிக்கும் மேற்பட்ட பயிற்சிகள். கறுப்புப் பின்னணியில் தீக்கீற்றுகளாகச் சாலைகள் ஒளிர்ந்தன. கைத்திறன் என்ற அளவில் அது வியக்கத்தக்க வேலை. நானே அதை அலுவலகத்தில் பலருக்குக் காட்டினேன். 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் ஒன்றைக் கவனித்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் சுற்றிலும் ஒரு வெளிச்சமும் இல்லாத பாலைவெளியில், நீள்சதுரமாகவும் வளையமாகவும் சில கோடுகள் பளிச்சிட்டன. அவை படைவீரர்கள் காலையில் ஓடும் தடங்கள். ராணுவத் தளத்தின் உட்புற அமைப்பே அதில் தெரிந்தது. யாருடைய பெயரும் அந்த வரைபடத்தில் இல்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் மொத்தத் தொகை ஒருவரை மறைக்கும். நான்கு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில் அதுவே அவர்களைச் சுட்டிக்காட்டும். அந்த வரைபடத்தை நான் வியந்து பார்த்த இரண்டு மாதங்களும் இது என் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து எந்த வரைபடத்திலும் வெளிச்சம் மிகுந்த நகரத்தைவிட, இருண்ட பகுதியில் தனித்து நிற்கும் புள்ளியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்தப் பழக்கம் தொழிலில் எனக்கு ஒருமுறை உதவியது. ஒரு வேலையை இழக்கவும் வைத்தது. வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்த் தரும் நிறுவனம் ஒன்று, தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வீட்டையும் ஒரு புள்ளியாக வைத்து, சுட்டியைக் கொண்டுபோனால் பெயரும் மாதச் செலவும் தெரியும்படி நகர வரைபடம் ஒன்று கேட்டது. முதலீட்டாளர் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டுவதற்காக. நான் அஞ்சல் குறியீட்டு வாரியாகக் கூட்டி, பத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்கள் உள்ள பகுதிகளைப் பக்கத்துப் பகுதியோடு இணைத்து வரைந்து கொடுத்தேன். விற்பனை எங்கே வளர்கிறது, எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகவே தெரிந்தது. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை; வேறொருவரிடம் போனார்கள். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் ஒருவர் மாதம் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை முன்பின் அறியாத ஐம்பது பேர் திரையில் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்ற என் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

சட்டம் இப்போது ஓரளவு வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் கேட்க வேண்டும், நோக்கத்தைச் சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) என்று எண்ணிடப்படும் தனிநபர் தகவல் விலக்கையும் திருத்தியிருக்கிறது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிநபர் தொடர்பான தகவலையும் தரலாம் என்ற வாசகம் அந்த உட்பிரிவிலேயே இருந்தது. இப்போது அங்கே அது இல்லை. 8(2) என்னும் பொதுவான பொதுநல விதி இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், ஒரு திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு மனுப்போடும் கிராமத்துக்காரருக்கு மறுப்பு எழுதுவது அலுவலருக்கு முன்னைவிட எளிதாகும் என்று அஞ்சுகிறேன். வணிகரிடமிருந்து குடிமக்களைக் காக்க வந்த சட்டம், குடிமக்களிடமிருந்து அரசின் ஏடுகளைக் காக்கவும் பயன்பட்டுவிடக் கூடாது.

இணையத் தளங்களும் தங்கள் கதவுகளை மூடி வருகின்றன. ட்விட்டர் 2023-ல் தன் இலவசத் தரவு வழியை நிறுத்திக் கட்டணமாக்கியது. முகநூலில் பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. பயனர்கள் கேள்வி கேட்டும் பதில் எழுதியும் உரையாடும் தளமான ரெடிட் பங்குச் சந்தைக்கு வரும்போது, தரவு உரிம ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர் என்று தன் ஆவணத்தில் தெரிவித்தது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனியாகப் போகும் அந்த உரையாடல்களை எழுதியவர்கள், பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பிறருடைய ஐயங்களைத் தீர்த்துவந்த சாதாரண மனிதர்கள். தேர்தல் நேரத்து வதந்தியை வரைபடமாக்க நினைக்கும் ஒரு மாவட்டச் செய்தியாளரால் இனி அந்த எண்களை நெருங்க முடியாது, பெருநிறுவனத்தால் முடியும்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னால் செய்ய முடிந்தது சிறிது. தந்தையின் நாட்குறிப்பு எண்களை முழுவதுமாகத் தட்டச்சு செய்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியிட்டிருக்கிறேன். தேதி, நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று நான்கு நெடுவரிசைகள். ஐந்தாவதாக, எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒன்று. வடிவமைப்பு எதுவும் இல்லை. அடியா மீட்டரா என்பது தலைப்பிலேயே இருக்கிறது.

2018 நவம்பர் 16-லிருந்து எட்டு நாட்களுக்கு நாட்குறிப்பில் எதுவும் இல்லை. அன்று அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஊருக்கு மின்சாரமும் வரவில்லை, செய்தித்தாளும் வரவில்லை. என் மென்பொருள் அந்த எட்டு நாட்களின் இரு முனைகளையும் தானாகவே நேர்கோட்டால் இணைத்துவிட்டது. அந்த இணைப்பை நீக்கிக் கோட்டை அங்கே அறுத்து வைத்திருக்கிறேன். பழைய செய்தித்தாள்களிலிருந்து அந்த நாட்களின் நீர்மட்டம் கிடைத்தால் தனி வரிகளாகச் சேர்த்து, ஐந்தாவது நெடுவரிசையில் அதைக் குறிப்பிடுவேன். தந்தை எழுதியவை என்று குறிக்கப்பட்ட வரிகளில் அந்த எட்டு நாட்களும் காலியாகவே இருக்கும்.